மென்பொருளின் முகப்பைப் புதுப்பிப்பவர்கள் பழைய வழியை ஏன் அடைத்துவிடுகிறார்கள்?

பொருநைக்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கணினி எனக்குத் தொழில் இல்லை. விண்டோஸ் 95 காலம் முதல் விடாமல் தொடரும் ஆர்வம். உறவினர் வீடுகளிலும் தெரிந்த கடைகளிலும் கணினியில் ஏதேனும் சிக்கல் என்றால் என்னைத்தான் அழைப்பார்கள். அப்படி நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் என் தாய்மாமாவின் மருந்துக்கடையும் ஒன்று. அங்கே பில் போடும் மென்பொருளுக்கு அண்மையில் முற்றிலும் புதிய முகப்போடு ஒரு பதிப்பு வந்திருக்கிறது. அதன் பெயர் இந்த விவாதத்துக்குத் தேவையில்லை என்பதால் குறிப்பிடவில்லை.

பழைய பதிப்பில் மருந்துப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி, என்டர் அழுத்தி, எண்ணிக்கையைத் தட்டி, மீண்டும் என்டர் அழுத்தினால் ஒரு வரி முடிந்துவிடும். எல்லா மருந்துகளும் ஏறியபின் ஒரே ஒரு செயல்விசை பில்லை அச்சிடும். மாமா திரையைப் பார்ப்பதே அரிது. அவருடைய கண் மருத்துவர் எழுதிய சீட்டிலும், மாத்திரை அட்டையில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியிலும் இருக்கும். மருந்து விற்கும் இடத்தில் கண் அங்கே இருப்பதுதான் சரி. புதிய பதிப்பிலோ எழுத்துகள் பெரியவை, வண்ணங்கள் இதமானவை, மாதாந்திர அறிக்கைகளும் முன்பைவிடத் தெளிவாக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியையும் சேர்ப்பதற்கு மவுஸைத் தேடிப் பிடித்து ஒரு பொத்தானைச் சொடுக்க வேண்டும். அச்சிடும் செயல்விசை இப்போது இல்லவே இல்லை. விற்பனையாளரைக் கேட்டால் "கொஞ்ச நாளில் பழகிவிடும்" என்பதுதான் பதில்.

இந்தப் பதிலை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, 1995 முதல் திரையில் நிலைத்திருந்த ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. கணினியை அணைப்பதற்குக்கூடத் திரையின் வலது ஓரத்தில் மறைந்திருந்த ஒரு பட்டையை வரவழைத்து, அதில் அமைப்புகள் என்ற பகுதிக்குள் போய்த் தேட வேண்டியிருந்தது. பழகிவிடும் என்றார்கள். அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது அதை அழுத்தினால் விரியும் மெனுவும் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் கிளாசிக் ஷெல் போன்ற மென்பொருள்களை நிறுவிக்கொண்டுதான் பலர் தங்கள் வேலையைத் தொடர்ந்தனர். மாற்றமே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு இல்லை. புதிய வழியைத் திறக்கும்போது பழைய வழியையும் திறந்தே வைத்திருக்க வேண்டும், குறைந்தது வேலை அதைச் சார்ந்திருப்பவர்களுக்காவது அது கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எனக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதைத் தாண்டி, ஒரு மாற்றத்தால் நேரும் இழப்பை விற்பனையாளரிடம் எடுத்துக்காட்ட ஏதேனும் அளவுகோல் உண்டா? அடுத்தது, பழைய வழியை அடைப்பதற்கு உண்மையான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறதா, இல்லை அக்கறைக் குறைவுதானா?

அளவுகோல் எழுதுகிறார்:

முதல் கேள்விக்கு என்னால் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடியும். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய மூவர் 1980-ல் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டார்கள். கணினியில் நாம் செய்யும் எந்தச் செயலையும் சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரத்தை அளந்து, அவற்றைக் கூட்டிப் பார்ப்பதுதான் அந்த முறை. தட்டச்சில் ஓரளவு தேர்ந்தவர் ஒரு விசையை அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குப் போக 0.4 நொடி. மவுஸ் முனையை ஓர் இலக்குக்குக் கொண்டுபோக 1.1 நொடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 நொடி.

உங்கள் மாமாவின் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முன்பு என்டர் அழுத்த 0.2 நொடி போதும். இப்போது கை மவுஸுக்குப் போக 0.4, பொத்தானை அடைய 1.1, சொடுக்க 0.2, கை விசைப்பலகைக்குத் திரும்ப 0.4 என்று 2.1 நொடி ஆகிறது. பொத்தான் எங்கே என்று தேட வேண்டியிருந்தால் அதோடு 1.35 சேரும். ஐந்து மருந்துகள் கொண்ட ஒரு பில்லில் வரிக்கு ஒருமுறை மவுஸைத் தொட்டாலே ஒன்பது நொடிக்கு மேல் கூடிவிடுகிறது. மேலும், இந்தக் கணக்கு தவறே செய்யாத, நன்கு பழகிய ஒருவருக்கானது. ஆகவே "பழகிவிடும்" என்ற பதில் இங்கே செல்லாது. பழகியபின்னும் மிஞ்சும் இழப்பைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. விற்பனையாளரிடம் பேசும்போது இதை முன்வையுங்கள்.

இன்னொரு விதியும் இங்கே பயன்படும். 1954-ல் பால் ஃபிட்ஸ் கண்டறிந்தபடி, ஓர் இலக்கை அடைய ஆகும் நேரம் அதன் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது. திரையின் மூலையில் இருக்கும் பொத்தானைத் தாண்டி மவுஸ் முனை போக முடியாது என்பதால், கையை வீசினாலே அங்கே சென்று நிற்கும். குறி பார்க்கத் தேவையில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 ஸ்டார்ட் பொத்தானைப் பணிப்பட்டையின் நடுவுக்கு நகர்த்தியதில் இழந்தது இந்த எளிமையைத்தான். அதைவிடப் பெரிய குறை, சின்னங்கள் நடுவிலிருந்து இருபுறமும் விரிவதால், புதிதாக ஒரு செயலியைத் திறக்கும்போது ஸ்டார்ட் பொத்தானும் சற்று இடப்பக்கம் நகர்ந்துவிடுவது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைக் கை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. நல்ல வேளையாக, அமைப்புகளில் அதை இடது ஓரத்துக்கே மாற்றிக்கொள்ளும் வசதியை முதலிலிருந்தே கொடுத்திருந்தார்கள். நீங்கள் கேட்கும் "பழைய வழி" என்பதற்கு அது ஒரு சரியான உதாரணம்.

நிரல்நெய்வோன் எழுதுகிறார்:

வணிக மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஆகவே இரண்டாவது கேள்விக்கு உள்ளிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனாலும் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நீங்கள் எடைபோட வேண்டும்.

பழைய வழியைத் திறந்து வைப்பது செலவில்லாத செயல் அன்று. ஒரே வேலைக்கு இரண்டு முகப்புகள் இருந்தால் ஒவ்வொரு வெளியீட்டிலும் இரண்டையும் சோதிக்க வேண்டும். உதவிக் குறிப்புகளை இரண்டுக்கும் எழுத வேண்டும். தொலைபேசியில் உதவி கேட்பவரிடம் முதலில் எந்தத் திரையில் இருக்கிறீர்கள் என்று விசாரிக்க வேண்டும். வரிச் சட்டம் மாறி ஒரு புதிய கட்டத்தைச் சேர்க்க நேர்ந்தால் இரண்டு இடங்களிலும் சேர்க்க வேண்டும். சிறிய குழுவுக்கு இது பெரும் சுமை.

உங்கள் மாமா பயன்படுத்தும் மென்பொருளில் நடந்தது என்னவென்று என்னால் ஊகிக்க முடிகிறது. அநேகமாக அதை உலாவிக்குள் இயங்கும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். உலாவி சில செயல்விசைகளைத் தனக்கென்று வைத்துக்கொள்கிறது; எஃப்3 தேடலுக்கு, எஃப்5 பக்கத்தைப் புதுப்பிக்க, எஃப்11 முழுத்திரைக்கு. பலர் இந்த மோதலைக் கண்டு அஞ்சி, செயல்விசைகளை அடியோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் இது கடக்க முடியாத தடை இல்லை. பெரும்பாலான செயல்விசைகளை வலைப்பக்கமே பிடித்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும். கண்ட்ரோலுடன் என் (N), டி (T), டபிள்யூ (W) ஆகிய சில சேர்க்கைகளைத்தான் உலாவி சாதாரணமாக விட்டுக்கொடுக்காது. எனவே "தொழில்நுட்பம் இடம் தரவில்லை" என்று அவர்கள் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

அடுத்து, எல்லா மாற்றங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆபிஸ் 2007-ல் மெனுக்களுக்குப் பதிலாகக் கட்டளைகளைத் தாவல்களில் அடுக்கிக் காட்டும் ரிப்பன் வந்தபோது எழுந்த எதிர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அதற்கு முன்பிருந்த நிலையை யோசியுங்கள். பதிப்புக்குப் பதிப்பு கட்டளைகள் பெருகி, மெனுக்களும் கருவிப்பட்டைகளும் நிரம்பி வழிந்தன. ஏற்கெனவே உள்ள வசதிகளையே புதிதாகச் சேர்க்கும்படி பயனர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சமாளிக்க ஆபிஸ் 2000-ல் கொண்டுவந்த ஏற்பாடு, அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனுவிலிருந்து மறைத்து வைப்பது. மெனுவின் வரிசை நாளுக்கு நாள் மாறியதால் அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ரிப்பன் ஓர் உண்மையான சிக்கலுக்குத் தேடிய தீர்வு. அதோடு, இந்த விவாதத்துக்கு மிகவும் பொருந்தும் ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். மெனுக்கள் மறைந்தாலும் பழைய ஆல்ட் விசைச் சேர்க்கைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். எக்செலில் மதிப்புகளை மட்டும் ஒட்டுவதற்கு ஆல்ட், இ, எஸ், வி என்று தட்டிப் பழகிய கணக்காளர், ரிப்பன் வந்தபின்னும் அதையே தட்டலாம், இன்றும் தட்டுகிறார்கள்.

நம் ஊர்க் கடைகளுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால், 2020-ல் டேலி பிரைம் என்னும் கணக்கு மென்பொருள் வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் அமைப்பை நிறையவே மாற்றினார்கள். எதையும் தேடிச் செல்ல ஒரு புதிய வசதியைச் சேர்த்தார்கள். ஆனால் எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எஃப்7 ஜர்னல், எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்று கணக்கர்களின் விரல்களில் ஊறிய வவுச்சர் விசைகள் அப்படியே இருந்தன. முழு முகப்பையும் இரட்டையாகப் பராமரிக்கும்படி நீங்கள் கேட்டால் எந்தச் சிறிய நிறுவனமும் மறுக்கும். விசைகளை மட்டும் காப்பாற்றுங்கள் என்று கேட்டால், மறுப்பதற்கு அவர்களிடம் காரணமே இருக்காது.

செவிவழி எழுதுகிறார்:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் துணையோடு ஓர் அலுவலகத்தில் பணி செய்கிறேன். மேலே எழுதியவர்கள் நொடிகளைக் கணக்கிட்டார்கள். என் போன்றவர்களுக்கு முகப்பு மாறும்போது பறிபோவது நொடிகள் மட்டும் இல்லை, சில வேளைகளில் அந்த வேலையே என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

நீங்கள் ஒரு திரையை ஒரே பார்வையில் அளந்துவிடுகிறீர்கள். நான் அதை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறேன். மூன்றாவது டேப் அழுத்தினால் தேதி, ஐந்தாவதில் தொகை என்னும் வரிசைதான் எனக்குத் திரையின் வரைபடம். ஒரு விளம்பரக் கட்டத்தை மேலே செருகினால்கூட அந்த வரைபடம் முழுவதும் நகர்ந்துவிடுகிறது. புதிய முகப்புகளில் சொற்களை எடுத்துவிட்டு வெறும் சின்னங்களை வைக்கிறார்கள். அந்தச் சின்னத்துக்கு உள்ளே பெயர் எழுதப்படாமல் இருந்தால் என் திரைவாசிப்பான் "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். ஒரே திரையில் அடுத்தடுத்து "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று கேட்கும்போது, எது சேமிப்பது, எது அழிப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சொல்லை எடுத்துவிடுவது பார்வை உள்ளவர்களுக்கும் நன்மையாக இல்லை என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. விண்டோஸ் 11-ல் வலது சொடுக்கு மெனுவிலிருந்த வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய கட்டளைகளை வெறும் சின்னங்களாக்கினார்கள். பின்னர் 24எச்2 பதிப்பில் அந்தச் சின்னங்களுக்குக் கீழே சொற்களைச் சேர்த்தார்கள். ஆப்பிள் 2013-ல் ஐஓஎஸ் 7 வெளியிட்டபோது பல பொத்தான்களின் எல்லைக்கோடுகளை நீக்கியது. எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று பலரால் பிரித்தறிய முடியாமல் போகவே, அடுத்த ஆண்டு 7.1 பதிப்பில் பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் அமைப்பைக் கொண்டுவந்தது. அது அணுகல்தன்மைப் பகுதிக்குள் இருந்தது. அந்தப் பகுதி மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணி ஒதுக்கிவிடாமல் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதைத் திறந்து காட்டுங்கள்.

பொருநைக்கரையான் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விற்பனையாளரிடம் நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. வலைத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2.0 பதிப்பு, எல்லாச் செயல்பாடுகளையும் விசைப்பலகை கொண்டே இயக்க முடிய வேண்டும் என்று அடிப்படை நிலையிலேயே கூறுகிறது. மருந்துக்கடையில் மாமா கேட்பதும் அலுவலகத்தில் நான் கேட்பதும் ஒன்றுதான். அந்த நிறுவனம் இந்த விதியைப் பின்பற்றினால், பார்வையற்ற ஒருவரும் அந்தக் கடையில் கணக்கராக அமரலாம்.

கட்டற்றவன் எழுதுகிறார்:

கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் பக்கத்திலிருந்து சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்களும் இதையெல்லாம் பார்த்தவர்கள்தான். 2011 ஏப்ரலில் லினக்ஸின் திரை முகப்புகளில் ஒன்றான க்னோமின் 3-ஆம் பதிப்பு வந்தபோது பழைய பணிப்பட்டையும் பயன்பாட்டு மெனுவும் போயின. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்கூட வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்னும் வேறொரு முகப்புக்கு மாறினார். வேறுபாடு என்னவென்றால், மூலநிரல் திறந்திருந்ததால் க்னோம் 2-ஐ விரும்பியவர்கள் அதை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய வீட்டைப் பராமரிப்பது எளிதாக இருக்கவில்லை. பொத்தான்களையும் மெனுக்களையும் வரைந்து தரும், அடியில் இருந்த நிரலகம் காலாவதியாகிக்கொண்டிருந்ததால், முழுவதையும் ஜிடிகே3 என்னும் அதன் புதிய பதிப்புக்கு மாற்றி முடிக்க 2017 வரை ஆனது. நிரல்நெய்வோன் சொல்லும் பராமரிப்புச் செலவு உண்மை என்பதற்கு இதுவே சான்று.

என் பார்வையில் இந்தச் சிக்கலை மிகவும் மரியாதையாகக் கையாண்டது லிப்ரெ ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருள். ரிப்பன் போன்ற தாவல் முகப்பை 2017-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2019-ல் 6.2 பதிப்பில் முழுமையாகச் சேர்த்தார்கள். பழைய மெனுவும் கருவிப்பட்டையும் அதே இடத்தில் இருக்கின்றன. எது வேண்டும் என்பதைப் பயனர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

மற்றொன்று, பாதுகாப்புத் திருத்தங்களையும் முகப்பு மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவதுதான் மக்களைச் சிறைப்படுத்துகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் இஎஸ்ஆர் என்னும் நீட்டித்த ஆதரவுப் பதிப்பு ஏறக்குறைய ஓராண்டு வரை வசதிகளில் கைவைக்காமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் எல்டிஎஸ் என்னும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஐந்தாண்டு வரை அப்படிக் கிடைக்கின்றன. உங்கள் விற்பனையாளரிடம் வரி, மருந்துப் பட்டியல் தொடர்பான திருத்தங்களைப் பழைய பதிப்புக்கும் எவ்வளவு காலம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பொருநைக்கரையான் எழுதுகிறார்:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. முழுப் பழைய முகப்பையும் திரும்பக் கேட்கவே எண்ணியிருந்தேன்; நிரல்நெய்வோன் சொன்னபடி விசைகளை மட்டும் கேட்பது வலிமையான கோரிக்கை என்று இப்போது தெரிகிறது. கடையில் மாமாவின் அருகில் அமர்ந்து ஒரு பில்லுக்கு அவர் செய்யும் அசைவுகள் ஒவ்வொன்றையும் இரண்டு பதிப்புகளிலும் எழுதிக்கொண்டேன். அளவுகோல் தந்த எண்களோடும், செவிவழி குறிப்பிட்ட நெறிமுறையோடும் அதை விற்பனையாளருக்கு அனுப்பவிருக்கிறேன்.

அப்படி எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். புதிய பதிப்பில் டேப் அழுத்திக்கொண்டே போனால் மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை என்று நகர்கிறது. ஆனால் தொகுதி (பேட்ச்) எண்ணுக்கான கட்டத்தில் மட்டும் நிற்காமல் தாண்டிவிடுகிறது. மவுஸால் சொடுக்கினால்தான் அது திறக்கிறது. ஒரே மருந்து வேறுவேறு காலாவதித் தேதிகளில் இருப்பு இருக்கும்போது தொகுதி எண்தான் மிக முக்கியம். இதற்கு என்ன காரணம்?

செவிவழி எழுதுகிறார்:

இதை நான் அடிக்கடி சந்திக்கிறேன். உலாவியில் இயங்கும் மென்பொருள் என்றால், அந்தக் கட்டத்தை உண்மையான உள்ளீட்டுப் புலமாகவோ தேர்வுப் பட்டியலாகவோ அமைக்காமல், பார்ப்பதற்கு அப்படித் தோன்றும் வெற்றுப் பெட்டியாக வரைந்து, சொடுக்கினால் மட்டும் இயங்கும்படி விட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட பெட்டியில் டேப் நிற்காது. என் திரைவாசிப்பானும் அதை ஒரு புலமாக அறிவிக்காது. வலைப்பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியிலேயே இருக்கும் தேர்வுப் பட்டியலை அங்கே பயன்படுத்தினால் இரண்டு குறைகளும் நீங்கிவிடும். உங்கள் கடிதத்தில் இதை முதல் கோரிக்கையாக வையுங்கள். மவுஸைத் தொடாமல் ஒரு முழு பில்லைப் போட்டு முடிக்க முடிகிறதா என்று திருத்திய பதிப்பை வெளியிடும் முன்பு அவர்களே சோதித்துப் பார்க்கும்படியும் எழுதுங்கள்.